கோலமாவில் போட்ட வீடு

மஸ்கட்,
5 ஜூன் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி குமரன் எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. சாப்பாடு இறங்குகிறது, தூக்கம் வருகிறது. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாமாவுக்குச் சர்க்கரை அடங்கியிருக்கிறதா, இல்லை மூலக்குளம் டீக்கடையே கதி என்று கிடக்கிறாரா?

போன வாரம் போனில் நாம் போட்ட சண்டையை என் அறையில் இருக்கும் அத்தனை பேரும் கேட்டார்கள். “உங்க அக்காவா அது, ஹெட்மாஸ்டரா?” என்று கீழ்க்கட்டில்காரன் கேட்கிறான். அதனால் இனிமேல் நமக்குள் ஓர் ஒப்பந்தம். போனில் நலம் மட்டும் விசாரித்துக்கொள்வோம். வீட்டுப் பேச்சு முழுக்கக் கடிதத்தில்தான். கடிதத்தில் கத்த முடியாது, கத்தினாலும் வந்து சேர்வதற்குள் ஆறிவிடும். இன்னொன்று, படம் அனுப்பாதே. படம் பார்த்த நொடியில் தீர்ந்துவிடும். நீ எழுதி அனுப்பினால் அதை வைத்துக்கொண்டு நான் பத்து நாளாவது மனசுக்குள் கட்டிக்கொண்டிருப்பேன்.

பகலெல்லாம் குளிர்க் கிடங்கில் வேலை. அங்கே ஜன்னல் கிடையாது. படுக்கிற அறையிலும் கிடையாது. எனக்கு மேல்கட்டில் என்பதால் கண்ணைத் திறந்தால் கூரை மூக்கில் இடிக்கும். அப்பா போன பிறகு கரிக்கலாம்பாக்கத்து நிலத்தை மனை போட விற்றோமே, அப்போது கடைசியில் நமக்கென்று நிறுத்திக்கொண்ட அந்த இரண்டு மனைகளைத்தான் இப்போது எந்நேரமும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். உன் வீட்டுக்குப் பக்கத்தில் என் வீடு. இத்துடன் பிளான் வரைந்து வைத்திருக்கிறேன். வாசல், கூடம், ஒரு படுக்கையறை, சமையலறை. கூடத்தில் கிழக்கே பார்த்துப் பெரிய ஜன்னல்.

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஜனவரியில் என் காண்டிராக்ட் முடிகிறது. டிசம்பரிலேயே இன்னும் மூன்று வருடத்துக்குக் கையெழுத்துக் கேட்பார்கள். ஊரில் என் பெயருக்கு ஒரு கதவு இருந்தால் போடமாட்டேன், வந்துவிடுவேன். வெறும் மனைதான் என்றால் போட்டுவிடுவேன். உன் வீட்டில் வந்து விருந்தாளியாக உட்கார என்னால் ஆகாது. நீ நல்லவள்தான், ஆனால் காலை ஆறு மணிக்கே எழுப்பிவிடுவாய்.

உன் எழுத்துக்குக் காத்திருக்கும்
குமரன்

*

மூலக்குளம்,
24 ஜூன் 2024

அன்புத் தம்பிக்கு,

அக்கா மஞ்சுளாவின் ஆசிகள். முழங்கால் இருக்கிறது, வலியும் இருக்கிறது, இரண்டும் சேர்ந்து தினம் பால் சொசைட்டிக்கு நடந்து போகின்றன. உன் மாமா டீக்கு இரண்டு சர்க்கரை போட்டுக் குடித்துவிட்டு மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறார். நீ கிடங்கில் கம்பளிச் சட்டை போடாமல் நிற்காதே.

ஹெட்மாஸ்டர் என்று சொன்னவனிடம் சொல், ஹெட்மாஸ்டருக்கு மாதாமாதம் தபால் எழுதத் தெரியும் என்று. உன் ஒப்பந்தத்துக்கு எனக்குச் சம்மதம். படம் கிடையாது, பொங்கலுக்கு நேரில் வந்து பார்.

கரிக்கலாம்பாக்கத்தில் நம் தெருவைப் பற்றிச் சொல்கிறேன். மனைப்பகுதியின் தெற்குக் கடைசிச் சந்து அது. மகாலட்சுமி டீச்சர், லைன்மேன் அன்புராஜ், இன்னும் இரண்டு குடும்பம், நாம் இருவர். எல்லாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்துவிட்டோம். யார் வீட்டுக்கும் காம்பவுண்டு சுவர் கிடையாது, வேலிக்குச் செம்பருத்தியும் நொச்சியும். தெருவில் சிமெண்ட் போடுவதில்லை, மண்ணாகவே விடுவது. சமையலறைத் தண்ணீர் வாழைக்கு. வீடு மண் கல்லில். அந்தந்த இடத்து மண்ணையே எடுத்து, கொஞ்சம் சிமெண்ட் கலந்து மெஷினில் அழுத்தினால் கல் ஆகிவிடுகிறது. சூளையும் வேண்டாம், விறகும் வேண்டாம். மண் எடுத்த பள்ளத்தை மேற்கு ஓரத்தில் மழைத் தண்ணீருக்கு விட்டுவிடுவது. பாகூர்க்காரர் ஜெயசீலன் இந்த வேலை தெரிந்தவர், அவர்தான் கட்டித் தருகிறார்.

உன் மாமாவுக்குத்தான் கஷ்டம். சிமெண்ட் கடையில் மேனேஜர், பொண்டாட்டி மண்ணில் வீடு கட்டுகிறாள். கடைக்கு வருகிறவர்கள் எல்லாம், “இன்னா அரிகரா, உங்கூட்டுக்காரம்மா உன் யாபாரத்தையே கவுத்துடுவாங்க போலக்குதே” என்று கேட்கிறார்களாம்.

உனக்கும் எனக்கும் வேம்பில் இரண்டு வாசல் நிலை சொல்லியிருக்கிறேன். ஆடி போகட்டும், ஆவணியில் வைத்துவிடலாம். பிளான் நன்றாக இருக்கிறது. உன் கூடம் என் கூடத்தைவிடப் பெரிதாக இருப்பதை நான் கவனிக்காமல் இல்லை.

அன்புடன்
மஞ்சுளா

*

(தபாலில் சேர்க்காத கடிதம்)

மூலக்குளம்,
30 ஜூலை 2024

குமரா,

நலம் விசாரிக்கக்கூட வாய் வரவில்லை. இதை அனுப்பமாட்டேன் என்று எழுதும்போதே தெரிகிறது. ஆனாலும் யாரிடமாவது சொல்லியாக வேண்டும், உன்னைவிட்டால் எனக்கு யார்?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மனைக்குப் போனேன். ஆடியில் வேலை தொடங்கக் கூடாது, பார்க்கக்கூடவா கூடாது? உன் பிளானையும் ஒரு தூக்குக் கோலமாவையும் எடுத்துப்போய், உன் வீட்டை அப்படியே தரையில் போட்டேன். சுவருக்கு இரண்டு கோடு, கதவுக்கு இடைவெளி. முழங்கால் கெஞ்சியது, ஆனாலும் விடவில்லை. முடித்துவிட்டு உன் கூடத்தில் உட்கார்ந்து, கொண்டுபோன எலுமிச்சை சாதத்தைச் சாப்பிட்டேன். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது குமரா. எழுந்து வரும்போது கோட்டை மிதிக்காமல் வாசல் வழியாக வந்தேன்.

மறுநாள் காலை, கல் போட மண் எடுக்க ஜேசிபி வந்தது. மண் எடுப்பதற்கு ஆடி என்ன, ஆவணி என்ன என்று நாங்களே வரச்சொன்னதுதான். மேற்கு ஓரத்தில் ஜெயசீலன் சுண்ணாம்பில் போட்டிருந்த கோட்டைச் சனிக்கிழமைத் தூறல் அழித்துவிட்டது. அவர் அக்கா பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்று போயிருந்தார். போனிலேயே டிரைவரிடம், வெள்ளைக் கோட்டுக்கு உள்ளே எடு, கோட்டை விட்டுவிடு என்று சொல்லியிருக்கிறார். அங்கே இருந்த வெள்ளைக் கோடு என்னுடையது ஒன்றுதான்.

சொசைட்டியில் கணக்கு முடித்து நான் போய்ச் சேர்ந்தபோது உன் வீடு தரைக்குக் கீழே இருந்தது. கூடம் ஆள் ஆழம். படுக்கையறையும் சமையலறையும் அதே ஆழம். நடுவில் சுவர் வரவேண்டிய இடமெல்லாம் வரப்பாக நிற்கிறது. கதவுக்கு நான் விட்ட இடைவெளியைக்கூட அப்படியே வெட்டியிருக்கிறான். “மீன் குட்டைன்னு நெனச்சேன்கா. தனித்தனியா கோடு போட்டிருந்திச்சா, வரப்பு உட்டு எடுத்தேன். நீட்டா வந்துகீது பாருங்க” என்கிறான். அவனை என்ன சொல்வது?

ஜெயசீலன் ஓடிவந்து தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். “மண்ண திருப்பிக் கொட்டலாங்க்கா. ஆனா அது மேல வூடு நிக்காது. நாலஞ்சு மழை குடிச்சு எறங்கணும், அப்புறந்தான்” என்றார். நாலைந்து மழை என்றால் நாலைந்து வருடம். உனக்கு டிசம்பரில் கையெழுத்து.

கோலம் போட்டுப் பார்க்க வேண்டும் என்று எனக்கு எதற்கு ஆசை? உனக்காக ஆசைப்பட்ட நானே உன் வீட்டைக் கெடுத்துவிட்டேன்.

மஞ்சுளா

*

மூலக்குளம்,
5 ஆகஸ்ட் 2024

அன்புத் தம்பிக்கு,

அக்காவின் ஆசிகள். இங்கே எல்லாரும் சுகம். ஆடிக்காற்று துணியைக் கொடியில் நிற்கவிடுவதில்லை. உனக்கு இருமல் என்று போனில் கேட்டது, சுக்கு தட்டி அனுப்பியிருக்கிறேன். லீவு முடிந்து அங்கே வருகிற ஆள் கொடுப்பார்.

உன் பிளானைத் தரையில் போட்டுப் பார்த்தேன். கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டும் பார்த்தேன். காற்று நன்றாக வருகிறது. வேலை உன் மனையில்தான் முதலில் தொடங்கியிருக்கிறது. நினைத்ததைவிட ஆழமாகவே தோண்டியிருக்கிறார்கள். மண் நல்ல மண். உன் மனையில் எடுத்த மண்ணில்தான் இப்போது கல் போடுகிறோம். எனக்கும் அதுதான், டீச்சருக்கும் அன்புராஜுக்கும் அதுதான், மற்ற இரண்டு வீட்டுக்கும் அதுதான். ஈரச் சாக்கு போட்டு வரிசை வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறது. பக்கத்தில் போனால் மழை பெய்த வாசனை.

வேறு விசேஷம் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்
மஞ்சுளா

*

மஸ்கட்,
22 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

குமரன் வணக்கம். சுக்கு வந்தது, இருமல் போனது. உன் கடிதம் இவ்வளவு சின்னதாக இருந்து நான் பார்த்ததில்லை. முழங்கால் வலி கைக்கு வந்துவிட்டதா?

தெரு முழுவதற்கும் என் மனை மண் என்று படித்ததும் எனக்கு ஒரே பெருமை. அறையில் எல்லாரிடமும் சொன்னேன். “அப்ப நீதான் தெருவுக்கே ஓனர்” என்கிறார்கள். ஆழமாகத் தோண்டியது நல்லதுதான், வீடு அசையாமல் நிற்கும்.

இங்கே ஒரு பழக்கம் வந்துவிட்டது. வேலை முடிந்து வந்து மேல்கட்டிலில் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டு வாசலிலிருந்து நடக்கிறேன். கூடம், வலதுகைப் பக்கம் படுக்கையறை, நேரே சமையலறை. போன வாரம் ஜன்னலில் திரை மாட்டினேன். பிறகு கழற்றிவிட்டேன், வெளிச்சத்தை மறைக்கிறது.

ஆவணி பிறந்துவிட்டதே, நிலை வைத்தாயிற்றா? கூடத்தில் வெளிச்சம் எப்படி வருகிறது என்று மட்டும் விரிவாக எழுது. மாமாவைக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி
குமரன்

*

மூலக்குளம்,
12 செப்டம்பர் 2024

அன்புத் தம்பிக்கு,

அக்காவின் ஆசிகள். எல்லாரும் சுகம். நீ இளைத்துவிட்டதாக மஸ்கட்டிலிருந்து லீவில் வந்தவர் சொன்னார். மதியச் சாப்பாட்டைத் தவிர்க்காதே.

என் வீட்டுக்கும் மற்ற நாலு வீட்டுக்கும் நிலை வைத்தாயிற்று, சுவர் எழும்பிக்கொண்டிருக்கிறது. உன் நிலையும் கதவும் வந்துவிட்டன. எண்ணெய் பூசித் தார்ப்பாய் போர்த்தி வைத்திருக்கிறேன். நல்ல நாள் பார்த்துத்தான் வைக்க வேண்டும்.

வெளிச்சம் பற்றிக் கேட்டாய். இந்த மாதம் சாயங்காலங்களில் நல்ல இடிமழை. மழை விட்ட பிறகு உன் மனைக்குப் போய் நின்றேன். உன் கூடத்தில் வெளிச்சம் ஓரிடத்தில் நிற்பதில்லை குமரா. காலையில் கிழக்கு வெயில் தடையே இல்லாமல் உள்ளே விழுகிறது, நீ கேட்ட ஜன்னலைவிடத் தாராளமாகவே வருகிறது. மேகம் போனால் அறையும் சேர்ந்து போகிற மாதிரி இருக்கும். கூடத்துக்கும் படுக்கையறைக்கும் நடுவில் நீ வைத்த வழி சரியான அளவு. முதலில் கூடம் குளிர்கிறது, அப்புறம் அந்த வழியாகப் படுக்கையறை குளிர்கிறது. ஃபேனே தேவைப்படாது.

வாசலில் செருப்பை விட்டுவிட்டு இறங்கினேன். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. மூலக்குளம் ரோட்டு ஹாரனையே கேட்டுக் கேட்டுப் புளித்த காதுக்கு அது எவ்வளவு சுகம்! இருட்டும்வரை நின்றேன். மேற்கே வானம் சிவந்ததும் உன் வீடு முழுக்கச் சிவந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏன் என்று கேட்காதே.

அன்புடன்
மஞ்சுளா

*

மூலக்குளம்,
16 அக்டோபர் 2024

அன்புத் தம்பிக்கு,

ஆசிகள். நலமா? ஒரு மாதமாக எழுத்து இல்லை. போனில் கேட்டால் “வேலக்கா” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறாய். கோபமாக இருந்தால் சண்டையாவது போடு, நாம்தான் அதில் கெட்டிக்காரர்கள் ஆயிற்றே. இப்படிச் சும்மா இருந்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

போன மாதக் கடைசியில் உன் மாமா மாடியில் நின்று உன்னிடம் ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார். என்ன பேச்சு என்று கேட்டால், “சும்மா, பெயிண்ட் வெலை கேட்டான்” என்கிறார். மாடியில் நின்றா பெயிண்ட் விலை சொல்வார்கள்?

இரண்டு வரி எழுது, போதும்.

அன்புடன்
மஞ்சுளா

*

மஸ்கட்,
30 அக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

குமரன் வணக்கம். நலம். இத்தனை நாள் எழுதாதது என் தப்புதான். மனசு சரியில்லை, இப்போது பரவாயில்லை. நாளைக்குத் தீபாவளி, கிடங்குக்கு லீவு இல்லை. உன் அதிரசத்தை நினைத்துக்கொண்டு பிஸ்கட் சாப்பிடுவேன்.

செப்டம்பர் மாதம் நீ எழுதிய கடிதத்தைப் பல முறை படித்தேன். மடிப்பு கிழிந்து டேப் ஒட்டியிருக்கிறேன்.

சில கேள்விகள். கூடத்தில் இப்போது யார் இருக்கிறார்கள்? சும்மா கிடக்கிற வீட்டை யாரும் சும்மா விடமாட்டார்களே. சமையலறையில் ஏதாவது சத்தம் கேட்கிறதா? முக்கியமாக, என் வீட்டில் தண்ணீர் வசதி எப்படி என்று நீ இதுவரை எழுதவே இல்லை.

மழைக்காலம், குடை இல்லாமல் சொசைட்டிக்குப் போகாதே. மாமாவைத் திட்டாதே, பாவம்.

உன் தம்பி
குமரன்

*

மூலக்குளம்,
17 நவம்பர் 2024

அன்புத் தம்பிக்கு,

அக்காவின் ஆசிகள். உன் எழுத்தைப் பார்த்ததும் தபால்காரருக்கு மிச்சமிருந்த அதிரசத்தைக் கொடுத்துவிட்டேன். இங்கே சுகம். உன் மனசுக்கு என்ன என்று நான் கேட்கமாட்டேன், நீ சொல்லும்போது சொல்.

உன் வீட்டில் தண்ணீருக்குக் குறைவில்லை. இதைவிட அதிகம் எந்த வீட்டிலும் இருக்காது.

கூடத்தில் தும்பி நிறைய. மேலே மஞ்சளாகப் பறந்துகொண்டே இருக்கின்றன. சமையலறையில் தவளைச் சத்தம், பொழுது சாய்ந்தால் தொடங்கிவிடும். உன் படுக்கையறைச் சுவர்மேல் ஒரு மீன்கொத்தி வந்து உட்காருகிறது. நீலம் என்றால் அப்படி ஒரு நீலம். நான் போனாலும் பறப்பதில்லை, நீதான் வாடகைக்கு வந்திருக்கிறாய் என்பது போல் பார்க்கிறது. மகாலட்சுமி டீச்சர் வீட்டுப் பெண்கள் உன் வாசலில் உட்கார்ந்துதான் பாடம் படிக்கிறார்கள். அன்புராஜ் ஒரு தென்னங்கன்று கொண்டுவந்து, “தம்பி வூட்டாண்ட நடட்டுமாக்கா?” என்று கேட்டான். நடச்சொன்னேன்.

தெருவில் எல்லாரும் அதைக் குமரன் வீடு என்றுதான் சொல்கிறார்கள். நான் சொல்லச் சொல்லவில்லை, அதுவாகவே வந்துவிட்டது. குமரன் வீடு வரைக்கும் போய்வருகிறேன் என்கிறார்கள்.

எழுத நினைத்த இன்னொன்று இருக்கிறது. இன்று கை வரவில்லை.

அன்புடன்
மஞ்சுளா

*

கரிக்கலாம்பாக்கம்,
9 டிசம்பர் 2024

அன்புத் தம்பிக்கு,

அக்காவின் ஆசிகள். புயலில் நாங்கள் எல்லாரும் பத்திரம். மூலக்குளத்தில் குடியிருந்த வீட்டில் தண்ணீர் ஏறியதால் புது வீட்டுக்கே வந்துவிட்டோம். கதவுக்குப் பெயிண்ட் அடிக்கவில்லை, பாலும் காய்ச்சவில்லை. நீ எப்படி இருக்கிறாய்?

இந்தத் தடவை சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். உன் வீடு கட்டப்படவில்லை, குமரா.

ஆடியில் உன் பிளானை நான் கோலமாவில் தரையில் போட்டேன். மண் எடுக்க வந்த ஜேசிபி டிரைவர் அதைப் பள்ளத்துக்குப் போட்ட கோடு என்று நினைத்து, ஒவ்வொரு அறையாகத் தோண்டிவிட்டான். தப்பு அவனுடையது இல்லை, என்னுடையது. பள்ளத்தை மூடினாலும் சில வருடங்களுக்கு மேலே எதுவும் கட்ட முடியாது என்று ஜெயசீலன் சொல்லிவிட்டார். மழையில் அது நிறைந்தது. நான் உனக்கு எழுதிய கூடமும் படுக்கையறையும் எல்லாம் தண்ணீர்தான். சொன்னால் நீ கையெழுத்துப் போட்டுவிடுவாய் என்று பயந்துதான் சொல்லவில்லை. அப்பா போன பிறகு எனக்குப் பிறந்த வீடு என்று இருப்பது நீ ஒருத்தன்தான். நீயும் வரமாட்டாய் என்றால் நான் என்ன செய்வேன்?

புயல் மழை எப்படிப் பெய்தது என்று நீ செய்தியில் பார்த்திருப்பாய். மனைப்பகுதியில் மற்றத் தெருக்களில் எல்லாம் தொடை அளவு தண்ணீர். சிமெண்ட் ரோடும் காம்பவுண்டு சுவருமாக இருப்பதால் போக வழி இல்லாமல் வீட்டுக்குள் ஏறிவிட்டது. நம் தெருவுக்கு வந்த தண்ணீர் அத்தனையும் உன் வாசல் வழியாக உள்ளே போனது. நாங்கள் குடை பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றோம். கூடம் நிறைந்தது, படுக்கையறை நிறைந்தது, சமையலறை நிறைந்தது, பிறகு வரப்பும் முழுகியது. எங்கள் வீட்டுப் படியைத் தண்ணீர் தொடவில்லை. பக்கத்துத் தெருக்காரர்கள் நம் வீடுகளில் வந்து தங்கினார்கள், ஒரே அண்டாவில் கஞ்சி காய்ச்சினோம். குருவிநத்தத்தில் ஆற்று வெள்ளம் புகுந்ததும் மணியம்மாள் சித்தியும் இங்கேதான் வந்தாள். வந்ததும் “குமரன் வூடு எங்கடி?” என்று கேட்டாள். கையைக் காட்டினேன். பார்த்துவிட்டு என் தலையைத் தடவினாள்.

இப்போது தெருக்காரர்கள் அந்தக் குளம் அப்படியே இருக்கட்டும் என்கிறார்கள். மனை விற்ற கம்பெனி ஆள், இடித்த கட்டடக் குப்பையைக் கொட்டி மூடித் தருகிறேன் என்கிறார். இரண்டு பேரிடமும் மனை என் தம்பியுடையது, அவன் சொல்வதுதான் என்று சொல்லிவிட்டேன். நீ மூடச்சொன்னால் மூடுவேன், மறுபேச்சு இல்லை.

கடைசியாக ஒன்று. புயலுக்கு முன்னால் கொம்யூன் பஞ்சாயத்திலிருந்து கதவு எண் போட வந்தார்கள். ஐந்து வீட்டுக்கும் போட்டுவிட்டு உன் மனைக்கு முன்னால் நின்று, “இங்க இன்னாம்மா கீது, ஒண்ணும் இல்லையே?” என்றார் வந்தவர். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஜெயசீலனைக் கூப்பிட்டுத் தார்ப்பாயை உருவி, உன் வேம்பு நிலையைக் குளத்தின் வாசல் பக்கம் கல் வைத்து நிறுத்தி, கதவையும் மாட்டிவிட்டேன். நல்ல நாள்கூடப் பார்க்கவில்லை. அந்த மனுஷன் சிரித்துக்கொண்டே அதில் 6 என்று எழுதிவிட்டுப் போனார். அரசாங்கக் கணக்கில் அது ஏறுமோ ஏறாதோ தெரியாது. புயலில் நிலை அசையவில்லை.

கதவைத் திறந்தால் தண்ணீர். உனக்கு என்னால் கட்ட முடிந்தது அவ்வளவுதான். நீ கையெழுத்துப் போட்டால் உன்னைக் குறை சொல்லமாட்டேன். போடாமல் இருந்தால் நல்லது.

மன்னிக்கச் சொல்லிக் கேட்கும்
அக்கா மஞ்சுளா

*

(உறையின்மேல்: தமிழ்க்குமரன், கதவு எண் 6, தெற்குக் கடைசித் தெரு, கரிக்கலாம்பாக்கம்)

மஸ்கட்,
22 டிசம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

என் பெயருக்கு வந்த கடிதத்தை நீதான் பிரிப்பாய் என்று எனக்குத் தெரியும். நலமா? புயலில் எல்லாரும் பிழைத்ததே பெரிது. சித்தி இன்னும் அங்கேதான் என்றால் நான் வரும்வரை அனுப்பாதே.

செப்டம்பர் மாதமே எனக்குத் தெரியும். மாமா மாடியில் நின்று சொன்னது பெயிண்ட் விலை இல்லை. “ஒங்கக்கா பித்துப் புடிச்சாப்ல அந்தப் பள்ளத்தாண்டயே போயி நிக்கிறாடா, எனக்கு பயமாகீது” என்று அழுதார். அவரைத் திட்டாதே என்று அதனால்தான் எழுதினேன்.

எனக்குக் கோபம் வந்தது. இல்லை என்று சொல்லமாட்டேன். இத்தனை வருடம் கழித்துக் கேட்டது ஒரு வீடு, அதிலும் அக்கா ஏமாற்றுகிறாளே என்று எரிந்தது. கையெழுத்துப் போட்டுவிடுவது என்றே முடிவு செய்தேன். அப்போது உன் செப்டம்பர்க் கடிதம் கையில் இருந்தது. அதில் ஒரே ஒரு பொய்யைக் கண்டுபிடித்துவிட்டால் போதும், மனசு கல்லாகிவிடும் என்று வரி வரியாகத் தேடினேன். கிடைக்கவில்லை, அக்கா. வெளிச்சம் நிற்பதில்லை என்றாய், தண்ணீரில் நிற்காது. கூடம் குளிர்ந்து பிறகு படுக்கையறை குளிர்கிறது என்றாய், குளிரும். நீ அழுதேன் என்றதும் நிஜம். இத்தனை நாள் தேடியும் ஒரு பொய் அகப்படவில்லை. நீ சொல்லாமல் விட்டது ஒன்றுதான்.

அதற்குப் பிறகு கண்ணை மூடினால் நான் அந்த வீட்டில்தான் இருக்கிறேன். முன்பு சுவரைத் தொட்டுக்கொண்டு நடப்பேன். இப்போது மிதந்து போகிறேன். கூடத்திலிருந்து வலதுகைப் பக்கம் திரும்பினால் படுக்கையறை, அதே வழிதான். மேலே பார்த்தால் கூரை மூக்கில் இடிப்பதில்லை. மீன்கொத்தியை எழுதி அனுப்பினாயே, அன்று அறையில் எல்லாருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். கீழ்க்கட்டில்காரன், “உன் வீட்டுல ஒரு ரூம் எனக்கு வாடகைக்குத் தருவியா?” என்கிறான்.

போன வாரம் காகிதத்தை நீட்டினார்கள். கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுத்துவிட்டேன். உன் கடைசிக் கடிதம் அதற்குப் பிறகுதான் வந்தது. நீ எழுதாமல் இருந்திருந்தாலும் வந்திருப்பேன், ஆனால் நீ எழுதியதில் எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா!

குளத்தை யாரும் தொடக் கூடாது. அந்தக் கம்பெனிக்காரனிடம் குமரன் சொன்னதாகச் சொல். வடக்கு ஓரத்தில் கொஞ்சம் இடம் மிஞ்சியிருக்கும். கல் மிச்சம் இருந்தால் ஜெயசீலனை அங்கே ஓர் அறை போடச் சொல். ஒன்று போதும், ஜன்னல் குளத்தைப் பார்த்து இருக்கட்டும். அது முடியும்வரை உன் கூடத்தில் படுத்துக்கொள்கிறேன். அதுவும் என் மண்தானே, எப்படி விருந்தாளி ஆவேன்? ஆறு மணிக்கு மட்டும் எழுப்பாதே. எழுப்பினால் மறுபடி இங்கே வந்து போனில் சண்டை போட வேண்டியிருக்கும்.

பொங்கலுக்கு முன்னால் டிக்கெட். விமானம் சென்னைக்கு, அங்கிருந்து பஸ். வில்லியனூரில் இறங்கும்போது கூப்பிட யாரும் வரவேண்டாம். அப்பாவின் நிலம் இருந்த இடத்தில் இப்போது எத்தனையோ தெரு, எனக்கு எதுவும் அடையாளம் தெரியாது என்று நீ சொல்வாய். அதற்குத்தான் இந்தக் கடிதத்தை ஆறாம் எண்ணுக்குப் போட்டேன். இது உன் கைக்கு வந்து சேர்ந்தால் தபால்காரர் என் வீட்டைக் கண்டுபிடித்துவிட்டார் என்று அர்த்தம். நானும் கண்டுபிடித்துவிடுவேன்.

கதவைத் தாழ் போடாதே.

உன் தம்பி
குமரன்